புதிதாய் வருகிறவருக்கு என்ன சொல்லி அனுப்புவது? லேசர் டேக் குறிப்புகளும் மலைபடுகடாமும்

லேசர் டேக் முதல் தடவை விளையாடப் போகிறவர்களுக்கென்று புழக்கத்தில் இருக்கும் அறிவுரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒன்றுதான். கறுப்புச் சட்டை போடுங்கள், வெள்ளை போட்டால் புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரிவீர்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஓடாதீர்கள், நடங்கள். குழுவை விட்டுப் பிரியாதீர்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். குண்டு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்படாமல் சுடுங்கள். அரங்கின் வாசலில் சீருடை போட்ட பையன் ஐந்து நிமிடத்தில் ஒப்பிப்பதும் இதுதான், டீம் அவுட்டிங்குக்கு முந்தின நாள் வரும் மின்னஞ்சலில் இருப்பதும் இதுதான்.

இதில் எதுவும் தப்பில்லை. நானும் இவற்றைப் பின்பற்றி விளையாடியிருக்கிறேன், வேலை செய்கிறது. ஆனால் வழிகாட்டி என்ற வகையில் இவை ரொம்ப ஏழ்மையானவை என்பது என் எண்ணம். காரணம், இவை விளையாடுகிறவரை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. எந்த இடம், அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், அந்த இடத்துக்கு என்ன பழக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. மாலின் நான்காவது மாடியில் கறுப்பு பெயின்ட் அடித்த அறைக்குள் இது ஒரு குறையாகத் தெரியாது. அந்த அறை எந்த ஊரிலும் இல்லாத அறை. ஆனால் லேசர் டேக் இப்போது அறையை விட்டு வெளியே வந்துவிட்டது. இருபது துப்பாக்கியையும் தலைப்பட்டைகளையும் இரண்டு பெட்டியில் அடைத்து வேனில் ஏற்றினால் எந்தத் தோப்பிலும் எந்த மலையிலும் விளையாடலாம். எங்கள் அலுவலகக் குழுவிலேயே ஒரு யோசனை ஓடியது: ஜவ்வாது மலையில் கூடாரம், ராத்திரி மரங்களுக்கு நடுவே லேசர் டேக். அப்போதுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. அந்த மலைக்குப் புதிதாய்ப் போகிறவருக்கு என்ன சொல்லி அனுப்பவேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், இதே வட்டாரத்துக்கு, இதே மாதிரிப் புதியவர்களுக்கு, தமிழில் ஏற்கெனவே ஒரு வழிகாட்டி இருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு, மலைபடுகடாம். 583 அடி. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்துப் பக்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து ஓடும் செய்யாறு. நவிரமலை என்று பாட்டு சொல்வதை இன்றைய பருவதமலை என்று அடையாளம் காண்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இயந்திரம்

ஒப்பிடுவதற்கு முன்னால் லேசர் டேக் உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. பெயரே பாதிப் பொய். சுடுவது பெரும்பாலும் லேசர் அல்ல, அகச்சிவப்பு ஒளி. உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் அதே வகை எல்.இ.டி. முன்னால் ஒரு லென்ஸ் வைத்து ஒளியைக் குவித்திருப்பார்கள், அவ்வளவுதான். சில அரங்குகளில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பச்சை அல்லது சிவப்புக் கோடு கூடவே வரும். அது குறி தெரிவதற்கும் அழகுக்கும். அந்தக் கோடு தெரியவேண்டும் என்றுதான் அறைக்குள் புகை விடுகிறார்கள்.

ரிமோட் "சேனல் மாற்று" என்று சொல்வதுபோல, இந்தத் துப்பாக்கி "நான் சிவப்பு அணி, ஏழாம் எண் ஆள்" என்று மினுக்கி மினுக்கிச் சொல்கிறது. ரிமோட்டுகளில் இந்த மினுக்கல் பெரும்பாலும் விநாடிக்கு 38,000 தடவை. சுற்றியிருக்கும் வெளிச்சத்திலிருந்து தன் செய்தியைப் பிரித்துக் காட்டுவதற்காக அந்த வேகம். எதிராளியின் மார்பிலும் தோளிலும் தலையிலும் இருக்கும் சென்சார் அந்தச் செய்தியைப் படித்தால் அவர் அவுட். ஆக, சுடுவது என்பது இங்கே ஒரு முகவரி அனுப்புவது. சாவு என்பது ஒரு செய்தி சரியாகப் போய்ச் சேர்வது.

இதைப் புரிந்துகொண்டால் பல விஷயங்கள் தானாகப் புரியும். வெயிலில் ஏன் தூரம் குறைகிறது? சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, சென்சார் திணறும். ஏன் கையால் சென்சாரை மூடுவது கள்ளாட்டம்? உடம்பு இங்கே இலக்கே இல்லை, சென்சார்தான் உடம்பு. வழவழப்பான சுவரில் பட்டு ஏன் சில சமயம் எதிர்பாராத ஆள் அவுட்டாகிறார்? ஒளி திரும்பி வரும், செய்தியும் கூடவே வரும்.

வரலாறும் சின்னதுதான். 1979இல் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' பெயரில் அகச்சிவப்புப் பொம்மைத் துப்பாக்கிகள் வந்தன. அமெரிக்க ராணுவம் பயிற்சிக்காக உண்மையான துப்பாக்கியின் மேல் லேசரை மாட்டி, வீரர்களின் உடம்பில் சென்சார் கட்டி, மைல்ஸ் என்ற ஏற்பாட்டை அதே காலகட்டத்தில் கொண்டுவந்தது. 1984இல் ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் டல்லஸ் நகரில் 'ஃபோட்டான்' என்ற முதல் வணிக அரங்கைத் திறந்தார். 1986இல் 'லேசர் டேக்' என்ற பெயரோடு வீட்டில் வைத்து விளையாடும் பொம்மைகள் கடைக்கு வந்தன. விளையாட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

குறி பார்க்காத கல்

மலைபடுகடாமை ஆற்றுப்படை என்பார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு. கூட்டத்தில் பெண்கள் உண்டு, இசைக்கருவிகளின் சுமை உண்டு. அவர்கள் வேட்டைக்காரர்களோ வீரர்களோ இல்லை, கலைஞர்கள். மலைக்குப் புதியவர்கள். நம் ஐ.டி. டீமுக்கு ரொம்பத் தூரமில்லை.

அவன் எப்படிச் சொல்கிறான் என்பதைக் கவனிக்கவேண்டும். பட்டியல் போடவில்லை. நடக்கும் வரிசையில் சொல்கிறான். இங்கே காட்டுப் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு போங்கள். இங்கே குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்துப் போங்கள். இங்கே தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டப் பரணிலிருந்து கவண் கல் வீசுவார்கள், மூங்கிலைக் கிழித்துக்கொண்டு வரும், மரத்தின் பின்னால் மறைந்து மறைந்து கடந்துபோங்கள். இங்கே நீர்க்கரையில் பாசி, காலை வாரும். பக்கத்திலிருக்கும் மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்தப் பொறி உங்களுக்கு வைத்தது இல்லை, பன்றிக்கு வைத்தது. அந்தக் கல் உங்களை நோக்கி வீசியது இல்லை, யானையை நோக்கி வீசியது. மலையில் இருக்கிறவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள்தான் அவர்கள் வேலைக்கு நடுவே போகிறீர்கள். புதியவருக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி எதிரியிடமிருந்து வருவதில்லை, தெரியாமல் குறுக்கே போவதில் வருகிறது என்பது அந்த வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

லேசர் டேக் குறிப்புகள் எதிரியைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் அரங்கில் உண்மையில் அடிபடுவது எப்படி? இருட்டில் திருப்பத்தில் இரண்டு பேர் தலையோடு தலை மோதிக்கொள்வது. சாய்தளத்தில் வழுக்குவது. பின்னால் நகரும்போது குந்தியிருக்கும் சின்னப் பையன் மேல் இடறி விழுவது. துப்பாக்கியின் முனை பல்லில் இடிப்பது. அகச்சிவப்பு ஒளியால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. சுடப்படுவது வலிக்காத விளையாட்டு இது. வலிப்பதெல்லாம் சுடுவதற்கு வெளியே இருக்கிறது. "ஓடாதீர்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. பாசி எங்கே இருக்கிறது, எதைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று மலைபடுகடாம் சொல்கிறது பாருங்கள், அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று. பல வழிகள் பிரியும் கவலைகளில் புதியவர்கள் என்ன செய்யவேண்டும்? பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்க, வழி பிரியும் இடத்தைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது பாட்டு. தான் தப்பிப்பது மட்டும் புதியவரின் வேலை இல்லை. நேற்றுவரை வழி தெரியாமல் இருந்தவர், இன்று தனக்குப் பின்னால் வரும் தெரியாதவருக்குக் கடன்பட்டவர். குழு விளையாட்டின் சாரமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் ஆட்டத்தில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. "மாடிப்படிக்குக் கீழே ஒருத்தன் இருக்கான், பாத்துப் போ" என்று பின்னால் வருகிறவருக்குச் சொன்னீர்களா என்பதுதான் கணக்கு.

கேட்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பாட்டின் பெயரே ஓசையிலிருந்து வந்தது. மலையை ஒரு யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகிக்கிறது. அருவி, விலங்குகள், பறவைகள், மனிதர்களின் வேலைச் சத்தம் என்று மலையில் கேட்கும் ஒலிகளை வரிசையாக அடுக்குகிறது. கண்ணை விடக் காதை நம்பவேண்டிய இடம் அது. லேசர் டேக் அரங்குகளோ காதை அடைக்கும் இசையைப் போடுகின்றன, காலடி கேட்கக்கூடாது என்பதற்காகவே போடுவது போல. திறந்த வெளியில் விளையாடினால் அந்த இசை இருக்காது. சருகு சத்தம் போடும். முதல் தடவை காட்டில் விளையாடும் நகரத்துக்காரருக்கு, தன் கால் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதே பெரிய செய்தியாக இருக்கும்.

பெயர் எழுதிய கல்

இதே கவலைகளில் இன்னொன்றும் நிற்கிறது என்கிறது மலைபடுகடாம்: நடுகல். போரில் புறங்கொடுக்காமல் செத்தவர்களின் பெயர் எழுதி நட்ட கல். தோற்று ஓடியவர்களை அந்தக் கற்கள் ஏசுகின்றன என்பது பாட்டின் பார்வை. யாழை மீட்டி வழிபட்டு, அங்கிருந்து விரைந்து கடந்துபோங்கள் என்று கூத்தருக்குச் சொல்கிறது.

இது கற்பனை வர்ணனை இல்லை. செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டில் நடுகற்கள் அடர்ந்து கிடைத்த பகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. பெரும்பாலும் ஆநிரை பற்றிய சண்டைகள். மாட்டைக் கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவன், கவரப்போய்ச் செத்தவன், ஊரழிவில் செத்தவன். இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது எடுத்தனூர்க் கல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைக் கூட்டத்தைக் காக்கும் சண்டையில் செத்திருக்கிறான். அவன் பக்கத்தில் கல்லில் ஒரு நாய் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லேசர் டேக் அரங்கின் திரையில் வரும் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புனைபெயர், எத்தனை பேரைச் சுட்டீர்கள், எத்தனை தடவை சுடப்பட்டீர்கள், குறி தப்பாத விழுக்காடு. அடுத்த குழு உள்ளே போனதும் அது அழிந்துவிடும். நடுகல்லில் எண்ணிக்கை இரண்டாம்பட்சம். யார், யார் ஆள், எந்த அரசன் காலம், எதற்காக, பக்கத்தில் யார் நின்றது என்பதெல்லாம் இருக்கும். ஒன்று கணக்கு, மற்றது காரணம்.

இதை வைத்து "அந்தக் காலத்து வீரம் எங்கே, இந்தக் காலத்துப் பொம்மை எங்கே" என்று புலம்ப எனக்கு விருப்பமில்லை. செத்தால் திரும்பி வர முடியாத இடத்தில்தான் கல் நடுகிறார்கள். திரும்பி வரலாம் என்பதால்தான் அது விளையாட்டு. லேசர் டேக்கில் அவுட்டானால் சில விநாடி துப்பாக்கி வேலை செய்யாது, பிறகு உயிர் வந்துவிடும். இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று நினைக்கவேண்டாம். சடுகுடுவில் நம் ஆள் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், எதிரணியில் ஒருவர் அவுட்டானதும் எழுந்து உள்ளே வருகிறார். மூச்சடக்கிப் பாடிக்கொண்டு எதிரி எல்லைக்குள் புகுந்து தொட்டுவிட்டுத் திரும்புவது, திரும்பமுடியாமல் பிடிபடுவது, பிறகு உயிர் பெறுவது. தொடுதல்தான் ஆயுதம். லேசர் டேக் அந்தத் தொடுதலை நீளமாக்கியிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் நீளமாக்கியதில் ஒன்று போய்விட்டது. சடுகுடுவில் தொட்டேனா இல்லையா என்பதில் ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. "பட்டுச்சு", "படல" என்று சண்டை வரும், தீர்க்கவேண்டும். லேசர் டேக்கில் சென்சார் தீர்த்துவிடுகிறது. இது பெரிய வசதி, சண்டையே இல்லை. கூடவே, தொட்டவனின் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. புதியவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியதில் இதையும் சேர்ப்பேன்: இருட்டில் யாரோ ஒருவருடைய ஜாக்கெட் அதிர்ந்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் போய் அந்த ஆளிடம் பேசுங்கள்.

விளையாடாதவர்கள்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். லேசர் டேக் வரலாற்றில் உண்மையான சாவு ஒன்று உண்டு. 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமங்காவில், இரவு நேரத்தில் நண்பர்களோடு பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிய 19 வயது இளைஞனை, ஒரு ஷெரீஃப் துணை அதிகாரி நிஜத் துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். இளைஞன் இறந்துபோனான். விளையாட்டுக்குள் இருந்த யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை. வெளியே இருந்தவருக்கு அது விளையாட்டு என்று தெரியாது.

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் மலை. சந்தனத்துக்குப் பேர்போனது. பெரும்பகுதி காப்புக்காடு. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள் நிறைய. சாமை, தேன், புளி, பலா. வேலை போதாது. வேலை தேடி வெளியே போகிறவர்கள் அதிகம்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரச் சிறப்புப் படை. இது போலி மோதல் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நான் சொல்லவருவது சின்ன விஷயம். மரங்களுக்கு நடுவே, இருட்டில், துப்பாக்கியோடு சீருடை ஆட்கள் என்பது இந்த மலையின் சில வீடுகளில் ஒரு விளையாட்டுக் காட்சி இல்லை. அது அப்பாவோ அண்ணனோ வீடு திரும்பாத கதை.

இங்கே ராத்திரியில் உருமறைப்புச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கி வடிவப் பொருளைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினால் அதைப் பார்க்கிற ஊர்க்காரருக்கு என்ன தோன்றும்? ரோந்து வரும் வனக் காவலருக்கு என்ன தோன்றும்? இந்தக் கேள்வி எந்தக் குறிப்பிலும் இல்லை.

மலைபடுகடாமில் இருக்கிறது. வழியில் வில்லோடு நிற்கும் காட்டு மக்களைக் கண்டால், நாங்கள் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் என்று சொல்லுங்கள், அவர்கள் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள், உணவும் தருவார்கள் என்கிறது. நீ யார், எதற்கு வந்தாய் என்பதை மலைக்காரனுக்குச் சொல்வது வந்தவனின் கடமை. அது மரியாதை மட்டுமில்லை, உயிர்காக்கும் உத்தி.

ஒரு மறுப்பு எழலாம். மலைபடுகடாமும் விளம்பரம்தானே? நன்னன் நாட்டில் எல்லோரும் வந்தவருக்குச் சோறு போடுகிறார்கள், எல்லோரும் இனிமையாக இருக்கிறார்கள் என்று பாடுவது புரவலனைப் புகழும் உத்தி. மலைக்காரர்கள் வந்தவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பாட்டில் அவர்கள் வாயால் வரவில்லை. உண்மைதான். ஒரு வகையில் இன்றைய ரிசார்ட் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு தேன் விற்கும் மலைவாசிப் பெண்ணின் படத்துக்கு அது தாத்தா. இருந்தாலும் விளம்பரமாகவே வைத்துக்கொண்டாலும், பொறியையும் பாம்பையும் கல்லையும் பாசியையும் மறைக்காத விளம்பரம். பரிசு வாங்கப் போகும் வழியில் செத்தவர்களின் கல் இருக்கிறது, நின்று கும்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லும் விளம்பரம். அந்த நாணயத்தை இன்றைய வழிகாட்டியிடம் எதிர்பார்ப்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையின் காவலூரில் வேணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் இங்கே திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்நாட்டிலேயே செய்தது. வேணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இருட்டு. இந்த மலைக்கு இருட்டு ஒரு சொத்து. எத்தனையோ ஆண்டு பயணம் செய்து வரும் ஒரு துளி ஒளியைப் பிடிக்க ஆட்கள் விழித்துக்கொண்டிருக்கும் மலையில், மரத்துக்கு மரம் வண்ண விளக்குக் கட்டி விளையாடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான் சொல்லி அனுப்புவது

விளையாடாதீர்கள் என்பது என் வாதம் இல்லை. எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒளிந்து விளையாட வேறு யார் அனுமதிக்கிறார்கள்? முதல் தடவை போகிறவருக்கு நான் இந்த வரிசையில் சொல்வேன்.

நகரத்து அரங்கு என்றால், விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். படி எங்கே, சரிவு எங்கே, வெளியேறும் கதவு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உயரத்தில் உங்கள் முழங்கையும் துப்பாக்கி முனையும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் லேசர் கோடு வரும் துப்பாக்கி என்றால் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். கருவி வேலை செய்கிறதா என்று முதலிலேயே ஒரு தடவை சோதியுங்கள். பல போன்களின் கேமராவில் அகச்சிவப்பு மினுக்கல் தெரியும். அவுட்டானதும் ஒதுங்குங்கள், துப்பாக்கி ஓய்ந்திருக்கும் அந்தச் சில விநாடிகள் சுற்றிப் பார்க்கக் கிடைத்த நேரம். வழி தெரிந்ததும் பின்னால் வருகிறவருக்குச் சொல்லுங்கள்.

திறந்தவெளி என்றால் பகலில் விளையாடுங்கள். வெயிலில் தூரம் குறையும், குறையட்டும். மர நிழலில் ஆடலாம், பொழுது சாயும் முன் முடித்துவிடலாம். காப்புக்காட்டு எல்லைக்குள் போகாதீர்கள், அனுமதி எங்கே வேண்டும் என்று வனத்துறையிடமும் நிலத்துக்காரரிடமும் முன்னதாகவே கேளுங்கள். நிஜத் துப்பாக்கி போலத் தெரியாத, பளிச்சென்ற நிறமுள்ள கருவியை எடுத்துப் போங்கள். உருமறைப்புச் சட்டை வேண்டாம்.

ஜவ்வாது மலை என்றால் இன்னும் ஒன்று. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து ஊருக்குப் போய், பெரியவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள்: "ஐயா, நாங்க சென்னையிலிருந்து வந்திருக்கோம். இது பொம்மைத் துப்பாக்கி, வெளிச்சம் மட்டும்தான் வரும். சாயங்காலம் வரைக்கும் இந்தத் தோப்புல விளையாடப் போறோம். பரவாயில்லையா?" வேண்டாம் என்று சொன்னால் பெட்டியைத் திறக்காமல் திரும்பி வாருங்கள். சரி என்று சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகளையும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோப்பில் எந்தப் பாறை வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அநேகமாக நீங்கள் தோற்பீர்கள்.